மூக்காட்டியின் வாலடி வெளுத்த கதை

ஈ பேசினால் மனுசருக்குக் கேட்கும், மனுசர் பேசினால் முயலுக்குப் புரியும் என்று இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் முயலுக்கு உடம்பு முழுக்க ஒரே நிறம்தான். காய்ந்த மண் நிறம். முதுகும் அந்த நிறம், வயிறும் அந்த நிறம், வாலுக்கு மேலேயும் அதே, வாலுக்குக் கீழேயும் அதே. புல்லுக்குள் உட்கார்ந்தால் மண்கட்டி என்று நினைத்து மிதித்துவிட்டுப் போவார்கள்.

மலையடிவாரத்தில் பொம்மக்காள் என்று ஒருத்தி இருந்தாள். கைப்பிள்ளைக்காரி. அவள் புருஷன் கெம்பன், செம்மறி ஆடு மேய்க்கிறவன். அவர்கள் குடிசையில்தான் மூக்காட்டி என்ற முயலும் இருந்தாள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் அவள் மூக்கு துடுதுடு என்று ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

தொட்டில் ஆட்டுவது மூக்காட்டியின் வேலை. பொம்மக்காள் விறகுக்கோ தண்ணீருக்கோ போனால், இவள் தொட்டில் கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு முன்னே ஒரு தத்து, பின்னே ஒரு தத்து என்று தத்துவாள். பிள்ளை சிணுங்கினால் அந்த நீளக் காதையும் மூக்கையும் ஆட்டி வேடிக்கை காட்டுவாள். பிள்ளை சிரித்துக்கொண்டே தூங்கிவிடும்.

பொம்மக்காளுக்கு இதில் தாங்கமுடியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு பிறந்தது.

மூக்காட்டி வாசலில் புல் கடிப்பதைப் பார்த்தால் அவளுக்குப் பொறுக்காது. "ஏண்டி, என் பிள்ளையைத் தூங்க வைக்கிறவளுக்குப் புல்லைப் போட்டா சாமி என் கண்ணைக் குத்தாதா? வா இங்கே!" என்று தூக்கிக்கொண்டு போய் வாழைப்பழத்தைப் பிசைந்து வெல்லம் போட்டு ஊட்டுவாள். பலாச்சுளை வந்தால் முதல் சுளை மூக்காட்டிக்கு. பாயசம் வைத்தால் சட்டி வழிக்கிற உரிமை மூக்காட்டிக்கு.

"புல்லும் கொஞ்சம் தின்னுக்கிறேனே அக்கா" என்று மூக்காட்டி ஒருநாள் கேட்டுப் பார்த்தாள்.

"நான் உசிரோட இருக்கிறப்பவா?" என்று பொம்மக்காள் மூக்கைச் சிந்த ஆரம்பித்துவிட்டாள். அப்புறம் மூக்காட்டி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. வெல்லம் இனிக்கத்தானே செய்தது.

புல் தின்கிற முயலின் புழுக்கை மிளகு மாதிரி இருக்கும். உருட்டி விட்டால் உருளும், ஒட்டாது. வெல்லமும் பழமும் தின்ற மூக்காட்டிக்கு வயிறு இளகிப்போனது. இளகியது பின்னால் ஒட்டியது. முன்பெல்லாம் உடம்பை வளைத்து, தலையைத் திருப்பி, நாக்காலேயே பின்பக்கத்தை நக்கிச் சுத்தம் பண்ணிக்கொள்வாள். இப்போது வளையலாம் என்று பார்த்தால் நடுவில் தொப்பை வந்து நின்றது. எட்டவில்லை. ஒட்டியது காய்ந்தது. காய்ந்ததன் மேல் திரும்பவும் ஒட்டியது. மயிரெல்லாம் சேர்ந்து திரித்து, கட்டி கட்டியாகச் சடை விழுந்துவிட்டது.

மூக்காட்டிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எந்நேரமும் சுத்தமாக இருப்பாள் என்று ஊரெல்லாம் பேர் வாங்கினவள் அவள். பின்னால் இப்படி என்று எப்படிச் சொல்வாள்? யார் வந்தாலும் சுவரோடு பின்பக்கத்தை ஒட்டிவைத்து உட்கார்ந்துகொண்டாள். நடக்கும்போதுகூடச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நடந்தாள்.

"என்னடி, நண்டுகூட சகவாசமா?" என்று கெம்பன் கிண்டல் பண்ணினான்.

ஒட்டினதை மறைக்கலாம், வாடையை எப்படி மறைப்பது?

"ஏனுங்க, என்னமோ நாறுதுங்களே" என்றாள் பொம்மக்காள். உடனே பிள்ளையைத் தூக்கிப் பார்த்தாள். பிள்ளை சுத்தமாகத்தான் இருந்தது. இருந்தாலும் கழுவினாள். வாடை போகவில்லை. மறுபடியும் கழுவினாள். பிள்ளை கத்தியது.

"பிள்ளை தோலு தேஞ்சு போகும், விடு புள்ள" என்றான் கெம்பன்.

"அப்போ வாடை உங்ககிட்ட இருந்துதான். ஆட்டுக்கிடைக்குள்ளயே கெடந்துட்டு வர்றீங்க."

"நானா? இன்னிக்குத்தான் ஓடையில முங்கி முங்கிக் குளிச்சேன்!"

"ஓடைதான் பாவம்."

கெம்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மறுபடியும் குளிக்கப் போனான். மூலையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மூக்காட்டிக்கு மண்ணைத் தோண்டி உள்ளே போய்விடலாம் போல இருந்தது. தன்னால் ஒரு பச்சைப் பிள்ளை அழுகிறது, ஒரு மனுசன் குளிர்ந்த தண்ணீரில் நடுங்குகிறான். ஆனாலும் வாயைத் திறக்க வெட்கம் விடவில்லை.

அடுத்த நாள் காலையில் ஒரு பச்சை ஈ வந்தாள். பட்டுப் புடவை கட்டினவள் போலப் பளபள என்று இருந்தாள். வயிறு புடைத்திருந்தது. மூக்காட்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் காதோரம் வந்து உட்கார்ந்தாள்.

"தங்கச்சி, நல்ல இடமா வச்சிருக்கியே" என்றாள் ரகசியமாக.

"எந்த இடம்?" மூக்காட்டிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பின்பக்கத்தைத்தான் சொல்றேன். வெயில் படாது, காத்து அடிக்காது, கதகதன்னு இருக்கு. எனக்கு இது பிள்ளை பெறுகிற சமயம். ஊரெல்லாம் இடம் தேடித் திரியறேன். ஒரு மூலை குடேன், புண்ணியமாப் போகும்."

"யார்கிட்டயும் சொல்லிடாதே அக்கா!"

"நானா? மூச்சு விடமாட்டேன். நீயும் மூச்சு விடாதே. சுத்தம் கித்தம்னு யாரும் கை வச்சிடக் கூடாது, பார்த்துக்கோ. அது போதும் எனக்கு."

ரகசியத்தைக் காப்பாற்ற ஓர் ஆள் கிடைத்ததே என்று மூக்காட்டிக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது. பேச்சுக்குக் கேட்டாள்: "உன் பிள்ளைங்க என்னக்கா சாப்பிடும்?"

"அதுக்கு நான் அலையவே வேண்டியதில்லை தங்கச்சி. இருக்கிற வீட்டையே கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுக்கும்."

"வீட்டையா?"

"ஆமா, முதல்ல அழுக்கு. அப்புறம் தோல். அப்புறம் உள்ளே போயிடும். சமத்துப் பிள்ளைங்க, சத்தமே வராது." ஈ கொட்டாவி விட்டாள். "ஆடு பட்டிக்குத் திரும்புற நேரத்துக்கு வர்றேன். அப்போதான் வலி எடுக்கும்."

ஈ பறந்து போனாள். மூக்காட்டிக்கு அப்புறம்தான் உறைத்தது. வீடு என்று அவள் சொன்னது வேறு எதுவும் இல்லை, தன் உடம்புதான்! பொழுது சாய்வதற்குள் இந்த அழுக்கு போகாவிட்டால் தன் உயிரே போய்விடும்.

அப்போதாவது "அக்கா!" என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. தானே பார்த்துக்கொள்ளலாம் என்று கொல்லைப்பக்கம் ஓடி மணலில் பின்பக்கத்தைத் தேய்த்தாள். மணல் ஒட்டிக்கொண்டு சடை இன்னும் கனத்தது. வேலி முள்ளில் மாட்டி இழுத்தாள். மயிர் வரவில்லை, தோல்தான் வந்துவிடும் போல வலித்தது. முயல் தோல் வெங்காயச் சருகு மாதிரி இல்லையா. "அம்மா!" என்று கத்திவிட்டாள்.

சத்தம் கேட்டுப் பொம்மக்காள் ஓடிவந்தாள். பார்த்தாள். மூக்கைப் பொத்தினாள். அப்புறம் மூக்கிலிருந்து கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"அடிப் பாவி! நீதானா? நான் பிள்ளையைப் போட்டு அந்தக் கழுவு கழுவினேனே! அந்த மனுசனை வேற ஓடைக்கு விரட்டினேனே! சரி சரி, அழாதே. இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா? பிள்ளை குளிப்பாட்டுறதுல இந்தப் பக்கத்துல என்னை அடிச்சுக்க ஆளு கெடையாது."

அது நிஜம். ஆனால் அவளுக்குத் தெரிந்தது மனுசப் பிள்ளையைக் குளிப்பாட்டத்தான்.

மூக்காட்டி "வேண்டாம்" என்று சொல்வதற்குள் பொம்மக்காள் வெந்நீர் வைத்துவிட்டாள். சேலையை முழங்காலுக்கு ஏற்றிக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் மூக்காட்டியைக் குப்புறப் போட்டாள். தலையிலிருந்து விளக்கெண்ணெய் தேய்த்தாள். பயத்தமாவு போட்டு உருட்டி உருட்டித் தேய்த்தாள். "மூக்கு என்னடி சப்பையா இருக்கு" என்று மூக்கை நீவி விட்டாள். "காது போதும், இதுக்கு மேல நீவ வேண்டாம்" என்று தானே சொல்லிச் சிரித்தாள். செம்பு செம்பாகத் தண்ணீரை ஊற்றினாள். மூக்காட்டிக்குக் காதெல்லாம் தண்ணீர். மயிர் உடம்போடு ஒட்டி, அவள் பாதி முயலாகச் சுருங்கிப் போனாள். தண்ணீர் ஆற ஆறக் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கியது. ஆனால் சடை மட்டும் போகவில்லை, ஊறி இன்னும் இறுகிக்கொண்டது.

அத்தோடு விட்டாளா? முன்பக்கம் கழுவ வேண்டாமா என்று மல்லாக்கத் திருப்பிப் போட்டாள்.

வானம் கண்ணில் பட்டதும் மூக்காட்டிக்கு உடம்பு நின்றுபோனது. முயலுக்கு முதுகு கீழே, வயிறு மேலே என்றால் ஒன்றுதான் அர்த்தம். பருந்து தூக்கிவிட்டது, இனிச் சாக வேண்டியதுதான். காலை அசைக்க முடியவில்லை. குரல் எழவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது.

"பாருங்க பாருங்க!" பொம்மக்காளுக்கு ஒரே பெருமை. அன்றைக்கும் ஓடையில் குளித்துவிட்டு அப்போதுதான் தலையைத் துவட்டிக்கொண்டு வந்த கெம்பனைக் கூப்பிட்டுக் காட்டினாள். "தண்ணி ஊத்தின சுகத்துல கண்ணைத் திறந்துக்கிட்டே எப்படி அசந்து தூங்குது!"

"தூங்கலை அக்கா, செத்துக்கிட்டிருக்கேன்" என்று மூக்காட்டி மனசுக்குள் கத்தினாள். வெளியே ஒரு சத்தமும் வரவில்லை.

சாம்பிராணி போட்டுப் புகை காட்டினார்கள். கன்னத்தில் மைப் பொட்டு வைத்தார்கள். பிள்ளையைக் கீழே பாயில் விட்டுவிட்டு, மூக்காட்டியைத் தொட்டிலில் மல்லாக்கவே படுக்க வைத்தார்கள். கெம்பன் தொட்டிலை ஆட்டினான். "இத்தனை நாள் நீ ஆட்டினே, இன்னிக்கு நான் ஆட்டுறேன், தூங்கு" என்று பாட்டு வேறு.

வெயில் மஞ்சளடித்தது. மேய்ச்சலிலிருந்து தாமாகவே பட்டிக்குத் திரும்புகிற ஆடுகளின் கழுத்துமணி தூரத்தில் கேட்டது. பச்சை ஈ சொன்னபடி வந்துவிட்டாள். தொட்டில் விளிம்பில் உட்கார்ந்து முன்னங்கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள். கெம்பனின் பாட்டுக்கு நடுவே, மூக்காட்டிக்கு மட்டும் கேட்கிற மாதிரி ரகசியமாகப் பேசினாள்.

"அடடா, ஈரம் வேற பண்ணி வச்சிருக்காங்க! ஊறின அழுக்கு என் பிள்ளைங்களுக்கு எவ்வளவு மெத்துனு இருக்கும்! வரட்டுமா தங்கச்சி?"

அந்த நேரம் பாயில் கிடந்த பிள்ளை வீரிட்டு அழுதது. எந்நேரமும் ஆடுகிற அந்த மூக்கைப் பார்த்துத்தான் அது சிரிக்கும். தொட்டில் துணி விலகின சந்து வழியாகப் பார்த்தால் இன்றைக்கு மூக்கு ஆடவில்லை.

பிள்ளை எதைப் பார்த்து அழுகிறது என்று குனிந்த பொம்மக்காள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏனுங்க, தூங்கினாலும் இவ மூக்கு ஆடுமே!"

தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. தூங்குகிற பிள்ளை குளித்தபின் கதகதப்பாக அல்லவா இருக்கும்? ஒரே பாய்ச்சலில் மூக்காட்டியை வாரி எடுத்தாள். ஒரு கை மார்புக்குக் கீழே, ஒரு கை பின்னங்கால்களுக்கு அடியில். வயிறு தன் பக்கமாக, கால் தொங்காமல் அணைத்து, முந்தானைக்குள்ளே வைத்துக்கொண்டாள். மறு பக்கத்தில் பிள்ளையையும் அணைத்தாள். கெம்பன் பழைய துணியெல்லாம் கொண்டுவந்து ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுத்தான். ஒரு துணி நனைந்தால் இன்னொரு துணி.

பிள்ளையின் சூடும் பொம்மக்காளின் சூடும் சேர்ந்து மெல்ல உள்ளே இறங்கியது. முதலில் ஒரு மீசை அசைந்தது. பிறகு மூக்கு ஒரு தரம் துடித்தது. பிறகு துடுதுடுத்தது.

"தங்கமே! வந்துட்டியா!" பொம்மக்காள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அக்கா" என்றாள் மூக்காட்டி. "மல்லாக்கப் போட்டா நாங்க தூங்கறதில்லை அக்கா. பயத்துல செத்தது போல ஆயிடுவோம். முழுசா நனைச்சா குளிரிலேயே போயிடுவோம்."

"சொல்லக் கூடாதாடி?"

"வெட்கமா இருந்துச்சு."

"என்கிட்ட என்னடி வெட்கம்? ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஒருத்தனுக்குக் கழுவி விடறேன், அவன் வெட்கப்படறானா பாரு!"

பிள்ளை பொக்கை வாயைக் காட்டியது.

தலைக்கு மேலே 'ங்கொய்ங்' என்று சத்தம். "பேசினது போதும் தங்கச்சி, எனக்கு வலி எடுத்தாச்சு!" என்று ஈ இறங்கினாள்.

இனி மறைத்தால் உயிர் இல்லை. மூக்காட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். பொம்மக்காளின் மடியில் காலை ஊன்றித் திரும்பி நின்றாள். யாருக்கும் காட்டாமல் கீழேயே இறக்கி வைத்திருந்த வாலை, மேலே, நன்றாக மேலே தூக்கிவிட்டாள்.

"அக்கா, பாரு. இங்கேதான். ஈ முட்டை வைக்கப்போறா. அவ பிள்ளைங்க என்னைத் தின்னுடுமாம்."

பொம்மக்காள் ஒரு கையால் ஈயை விரட்டிக்கொண்டே குனிந்தாள். கெம்பன் ஆட்டு மயிர் கத்தரிக்கிற பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "தள்ளு புள்ள! வெத்தலை போட்டுத் துப்பறதுக்குள்ள ஒரு ஆட்டையே கத்தரிச்சு முடிக்கிறவன் நான்!"

"இது ஆடு இல்லீங்க! நான் பிள்ளைன்னு நினைச்சுக் கொல்லப் பார்த்தேன், நீங்க ஆடுன்னு நினைச்சுக் கொல்லாதீங்க. முயலை முயலாப் பார்க்கணும்."

கெம்பன் கத்தரியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான். "அப்போ நான் என்னதான் பண்ணட்டும்?"

"முறத்தை எடுத்து அந்த ஈக்காரியை விசிறுங்க."

அவன் விசிறினான். வெற்றிலைப் பெட்டியில் கிடந்த சின்னப் பாக்குவெட்டியைப் பொம்மக்காள் எடுத்தாள். எது சடை, எது தோல் என்று கண்ணுக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒட்டிக் கிடந்தன. அதனால் தன் இடது கை விரலைச் சடைக்கும் தோலுக்கும் நடுவில் மெதுவாக நுழைத்தாள். இழுக்கவில்லை, பிய்க்கவில்லை. விரலுக்கு மேலே நிற்கிற சடையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினாள்.

"அக்கா, வெட்டுப் பட்டுட்டா?"

"பட்டா முதல்ல என் விரல்லதான் படும். நீ வாலை இறக்காதே."

பட்டது. ஒரு கட்டி இறுகலாக இருந்தது, பாக்குவெட்டி வழுக்கி விரலைக் கடித்தது. பொம்மக்காள் 'ஸ்' என்றாள். விரலை வாயில் வைத்துச் சப்பிவிட்டு மறுபடியும் நுழைத்தாள். மூக்காட்டியின் தோலில் ஒரு கீறல் இல்லை.

சடையெல்லாம் உதிர்ந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, அந்த இடத்தை மட்டும் துடைத்தாள். வேறெங்கும் ஈரம் படவில்லை. காய்ந்த துணியால் ஒற்றினாள். கடைசியாக, பிள்ளைக்குத் தொடை இடுக்கில் போடுகிற வெள்ளைக் கூவைக்கிழங்கு மாவைக் கை நிறைய எடுத்து, வாலுக்கு அடியில் தட்டினாள். தட்டின தட்டில் மாவு புகையாகக் கிளம்பி கெம்பன் தும்மினான், பிள்ளை தும்மியது, மூக்காட்டியும் தும்மினாள்.

புகை அடங்கியதும் ஈ இறங்கிப் பார்த்தாள். உட்காரப் போனாள், சறுக்கினாள். மறுபடியும் உட்காரப் போனாள், மறுபடியும் சறுக்கினாள். ஒட்ட ஒரு துளி ஈரம் இல்லை, ஒளிய ஒரு துளி அழுக்கு இல்லை.

"ஒரு மூலையாவது விடக் கூடாதா தாயீ?" என்று கையைப் பிசைந்தாள்.

"போடி, போய்க் குப்பைமேட்டுல பெத்துக்கோ! எனக்கும் பிள்ளை இருக்கு, உன் கஷ்டம் தெரியுது. ஆனா இவ வீடு இல்லடி, இவளும் எனக்கு ஒரு பிள்ளை" என்றாள் பொம்மக்காள்.

ஈ கையைப் பிசைந்துகொண்டே போனாள். இன்றைக்கும் எங்கே உட்கார்ந்தாலும் அவள் கை பிசைவதை நிறுத்தவில்லை.

அன்று ராச்சாப்பாட்டுக்குப் பொம்மக்காள் பழக்கமாக வாழைப்பழத்தை எடுத்தாள். கை பாதியில் நின்றது. பழத்தைக் கெம்பனிடம் கொடுத்துவிட்டு, வெளியே போய் ஒரு கை நிறையப் புல் அறுத்துவந்து மூக்காட்டி முன்னால் போட்டாள்.

"சாமி கண்ணைக் குத்துமா புள்ள?" என்றான் கெம்பன், வாய் நிறையப் பழத்தோடு.

"உங்களைத்தான் முதல்ல குத்தும், சும்மா இருங்க."

மூக்காட்டி நறுக் நறுக்கென்று கடித்தாள். வெல்லத்தைவிட அந்தப் புல் இனித்தது.

விடிந்ததும் பார்த்தால், வாலுக்கு அடியில் தட்டின மாவு போகவில்லை. உதறினாலும் போகவில்லை, துடைத்தாலும் போகவில்லை. மயிரோடு மயிராக ஊறி அந்த இடம் மல்லிகைப்பூவாக வெளுத்துவிட்டது. மூக்காட்டி பதறினாள். "அக்கா, இப்போ துளி அழுக்கு பட்டாலும் தூரத்திலிருந்தே தெரியுமே!"

"தெரியட்டுமேடி. தெரிஞ்சாத்தானே நான் துடைச்சு விட முடியும்?"

மூக்காட்டி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வாலைத் தூக்கினாள். வாசலைத் தாண்டி, ஆட்டுப்பட்டியைத் தாண்டி, மேய்ச்சல் காட்டில் ஒரே ஓட்டமாக ஓடினாள். போகிற வழியில் ஆடு, மாடு, அணில் எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்த வெள்ளையைக் காட்டிக்கொண்டே ஓடினாள். "போதும்டி, ஊரே பார்த்தாச்சு!" என்று பொம்மக்காள் வாசலில் நின்று சிரித்தாள். பிறகு மூக்காட்டி குட்டி போட்டாள். ஒவ்வொரு குட்டியின் வாலடியும் வெள்ளையாகவே இருந்தது.

அன்று தொட்டுத்தான் வாலடி வெளுத்த முயல்கள், ஓடும்போது அந்த வெள்ளையை உலகத்துக்கே தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடுகின்றன. முயல் வளர்க்கிற வீட்டில், காலையில் புல் போடுமுன் வாலைத் தூக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போடுகிறார்கள்.